கப்பல் ஏறாதவனின் பங்கு

டோக்கெலாவ்
1991 ஜூன் 14

அன்புள்ள பெலெனாதோ அண்ணனுக்கும் லோசா அண்ணிக்கும்,

அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி கப்பல் தெரிகிற நாளில் மட்டும் காணாமல் போய்விடுகிறது. அங்கே போரிருவாவில் குளிர் தொடங்கியிருக்கும். அண்ணிக்கு இருமல் நின்றதா?

வெலிங்டனில் நான்கு வருடம் படித்துப் பட்டம் வாங்கி வந்தவள் என்ன செய்யப்போகிறாள் என்று ஊர் ஆறு மாதம் வேடிக்கை பார்த்தது. போன மாதம் ஊர்ச்சபை என்னை எழுத்தராக வைத்துக்கொண்டது. பெரியவர்கள் இருபத்தாறு பேரும் தூணில் சாய்ந்து உட்கார, நான் வாசலோரம் ஒரு மரப்பெட்டியை மேசையாக்கி எழுதுகிறேன். சபையில் என் குரல் எனக்கே கேட்பதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் துண்டுச்சீட்டில் எழுதி லூக்கா மாமாவிடம் நீட்டிவிடுவேன். அவர் படித்துச் சொல்வார். மீன் பங்கு கூப்பிடுகிற குரல் அது, உட்கடலின் அக்கரை வரை கேட்கும்.

மீன் பங்குப் பட்டியலும் இப்போது என் கையில்தான். வீடு வீடாகப் பெயர்கள். கப்பல் ஏறிப் போனவர் பெயரை அடித்து, எதிரே எந்தக் கப்பல், எந்தத் தேதி என்று எழுத வேண்டும். பழைய பட்டியலில் உங்கள் பெயரைப் பார்த்தேன். ஸ்கேல் வைத்து நேராக அடித்திருக்கிறார்கள். போன வாரம் ஃபோவாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. நம் வழக்கப்படி பாயைச் சுருட்டிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போனான். நான் அவன் பெயரை அவன் அம்மா வீட்டில் அடித்து, மனைவி வீட்டில் எழுதினேன். கல்யாணத்தில் எனக்கு அவ்வளவுதான் வேலை.

சனிக்கிழமை நல்ல சூரை மீன். கரையில் வரிசையாகக் கிடத்தியதைப் பார்க்கக் கண் நிறைந்தது. சபைத் தலைவருக்கும் பாதிரியாருக்கும் பிறந்து பத்து நாளான பிள்ளைக்கும் ஒரே அளவு. மீன் பிடிக்கவே போகாத பள்ளிக்கூட வாத்தியாருக்கும் அதே. அரசியல் பாடத்தில் இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். பேராசிரியர் ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார். அவரை இந்தக் கரையில் ஒரு கூடையோடு நிற்க வைக்க வேண்டும்.

இரவில் மண்டபத்தில் வீடியோ படம் போட்டார்கள். கதாநாயகன் ஒருத்தியின் கையைப் பிடித்ததுதான் தாமதம், கூட்டத்தில் தங்கையோடும் அக்காவோடும் இருந்த ஆண்கள் எல்லோரும் செருமிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார்கள். முக்கால் மண்டபம் காலி. நீங்கள் இருந்திருந்தால் முதல் ஆளாகப் போயிருப்பீர்கள்.

உங்கள் கூட்டாளி கெலெமெனே காலையில் மரம் இறங்கியதும் அம்மாவுக்குப் பதநீர் கொண்டுவந்து வைக்கிறான். அம்மா கேட்கவில்லை. உங்கள் விலாசம் கேட்டான், எழுதிக் கொடுத்தேன். எதற்கென்று நான் கேட்கவில்லை.

அண்ணிக்கு ஒரு தாழம்பாய் அனுப்பியிருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை
அகாதா

போரிருவா
1991 ஜூலை 21

அன்புத் தங்கை அகாதாவுக்கு,

நாங்கள் நலம். உன் அண்ணியின் இருமல் போய் எனக்கு வந்திருக்கிறது. வீட்டில் எதையும் பங்கு வைக்காமல் விடுவதில்லை. பாய் வந்து சேர்ந்தது. அதை விரித்துப் படுத்தால் குளிர் தெரியவில்லை என்கிறாள். அவள் ஊர்ப் பாய்கள்தான் உசத்தி என்று இத்தனை வருடம் சொன்ன வாய்.

கார் தொழிற்சாலையில் எனக்கு இப்போது கதவு மாட்டுகிற வேலை. ஒரு நாளைக்கு எண்பது கதவு. நம் ஊரில் கதவே இல்லாத வீட்டில் பிறந்தவனுக்கு இந்த வேலை. பக்கத்தில் நிற்கிறவனிடம் என் தங்கை பட்டதாரி, ஊர்ச்சபையில் எழுத்தர் என்று சொன்னேன். நேற்றும் சொன்னாயே என்றான்.

கெலெமெனேயின் கடிதம் வந்தது. மோட்டாருக்கு ஸ்பார்க் பிளக் இரண்டு கேட்டிருக்கிறான். இந்தக் கப்பலுக்கு முடியவில்லை. அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லையே.

அம்மாவைப் பதநீர் குடிப்பதைக் குறைக்கச் சொல். சர்க்கரை ஏறும்.

அண்ணன்
பெலெனாதோ

டோக்கெலாவ்
1991 ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா சுகம். நானும் சுகம்.

ரேடியோவில் அனுப்பிய செய்தி உங்களுக்குக் கிடைத்திருக்கும். பதினேழாம் தேதி காலை மேற்கே மீனைத் துரத்தும் பறவைக் கூட்டம் தெரிந்தது. நான்கு படகுகள் போயின. மூன்று திரும்பின. கெலெமெனே கூட்டத்தின் பின்னாலேயே போனதை லூக்கா மாமா கடைசியாகப் பார்த்திருக்கிறார். மத்தியானம் மழை இறங்கியது. மழை விட்டபோது கடலில் ஒன்றும் இல்லை.

மூன்று நாள் எல்லாப் படகுகளும் தேடின. ஊரில் இருந்த பெட்ரோல் முழுவதையும் சபை எடுத்துக் கொடுத்தது. மற்ற இரண்டு தீவுகளிலிருந்தும் படகுகள் வந்தன. விமானம் ஒன்று இரண்டு நாள் சுற்றிவிட்டுப் போனது. ராத்திரியில் பெண்கள் கரையில் தென்னை ஓலையை எரித்துக்கொண்டே இருந்தோம். எட்டாவது நாள் பாதிரியார் எரித்தது போதும் என்று சொன்னார். ஒன்பதாவது நாளும் எரித்தார்கள்.

அவன் அம்மா சூலியா அத்தை அழவில்லை. மகனுடைய பாளைக் கத்தியைத் தீட்டித் துடைத்துக் கூரை இறவாணத்தில் செருகி வைத்திருக்கிறார்.

நேற்றுத்தான் மறுபடி மீன் பங்கு. லூக்கா மாமா பட்டியலை வாங்கிப் படித்தார். அந்த வீட்டுப் பெயர் வந்ததும் கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டார். "சூலியா வீடு. ரெண்டு."

இரண்டு பேருக்கான மீனை வைத்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் பெயரை அடிக்கவில்லை.

இப்போது யாரும் பதநீர் கொண்டுவருவதில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை ஏறாது.

அகாதா

போரிருவா
1991 செப்டம்பர் 28

தங்கை அகாதாவுக்கு,

உடம்பு பரவாயில்லை. இங்கே நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் மாதா கோயிலில் கூடினோம். அவனோடு சேர்ந்து உட்கடலில் நீந்தக் கற்றுக்கொண்டவன் நான். முதலில் கற்றுக்கொண்டது அவன்தான், நான் மூழ்கியபோது முடியைப் பிடித்து இழுத்தவனும் அவன்தான்.

சூலியா அத்தைக்கு ஒரு கம்பளியும் தேயிலையும் அனுப்புகிறேன்.

மோட்டார் நின்றுபோயிற்றா? யாராவது பார்த்தார்களா? எழுது.

பெலெனாதோ

டோக்கெலாவ்
1991 நவம்பர் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அண்ணிக்குப் பிள்ளை உண்டாகியிருப்பதாக ஆப்பியாவிலிருந்து வந்த லினோ சொன்னாள். நீங்கள் எழுதவில்லை. அம்மா கோபம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாளாகத் தொட்டில் துணி கிழித்துக்கொண்டிருக்கிறார்.

மோட்டாரை யாரும் பார்க்கவில்லை, அண்ணா. படகே கிடைக்கவில்லை.

நீங்கள் அனுப்பிய கம்பளி வந்தது. அதற்கு முந்தைய கப்பலில் இன்னொரு சின்னப் பொட்டலமும் வந்தது. உங்கள் கையெழுத்து. கெலெமெனேயின் பெயருக்கு. தபால் பதிவில் எழுதி, சூலியா அத்தையிடம் கொடுத்தேன். அத்தை பிரிக்கவில்லை. "அவன் பேருக்கு வந்தத நான் எப்படிம்மா பிரிக்கிறது" என்று சொல்லிக் கத்திக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

ஆப்பியா அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. காலமானாரா, காணவில்லையா, தேதி, மணமானவரா. நான்கு கட்டங்கள். நம் தீவில் நடப்பதை வேறொரு நாட்டில் ஒரு மேசையில் உட்கார்ந்து பதிகிறார்கள். அவர்கள் நல்லவர்கள்தான், பணிவாகத்தான் கேட்கிறார்கள். ஆனாலும் அந்தப் படிவத்தை மரப்பெட்டிக்குள் அடியில் வைத்திருக்கிறேன்.

பங்கில் இன்னமும் இரண்டுதான் கூப்பிடுகிறார் மாமா. அத்தை ஒரு மீனைச் சமைத்து, இன்னொன்றை உப்புப் போட்டுக் காய வைக்கிறார். வந்ததும் பசிக்கும் என்கிறார்.

அண்ணியைக் கனம் தூக்க விடாதீர்கள்.

அகாதா

டோக்கெலாவ்
1991 டிசம்பர் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு கப்பல் வந்து போய்விட்டது, உங்கள் கடிதம் இல்லை. வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். எண்பது கதவு என்றால் சும்மாவா. நாங்கள் சுகம். மாதா கோயிலுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது.

ஒரு விஷயத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை. மூன்று தீவுகளிலும் தலைக்கணக்கு எடுக்கச் சொன்னார்கள். நான் வீடு வீடாகப் போய் எண்ணினேன். இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. பங்குப் பட்டியலில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

சபையில் பெரியவர் ஆலெகி ஐயா இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு, அந்த ஒரு பங்கை வைக்கச் சொன்னது யார் என்று கேட்டார். லூக்கா மாமாவைப் பார்த்தார்.

"பட்டியல்ல இருந்துச்சு, கூப்பிட்டேன். சபை சொல்லியிருக்கும்னு நெனச்சேன்."

"சபையா? நான் நீ சொல்லித்தான் வைக்கிறாங்கன்னு நெனச்சேன்."

"நான் ஃபாதர் சொல்லிருப்பாருன்னு நெனச்சேன்" என்றார் இன்னொருவர்.

"சபைன்னா அப்ப யாருய்யா?"

"நாமதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான்கு மாதமாக ஊரே ஒருவரை ஒருவர் நம்பி ஒரு பங்கு வைத்திருக்கிறது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஒரு சீட்டு எழுதினேன். 'யாரும் சொல்லவில்லை. நான்தான் பெயரை அடிக்காமல் விட்டேன். என் தவறு.' லூக்கா மாமா அதை வாங்கினார், மனசுக்குள் படித்தார், நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"எழுத்தர் சொல்றாங்க" என்று அந்தக் குரலில் ஆரம்பித்தார். "கப்பல் ஏறிப் போனவங்க பேரத்தான் அடிக்கலாம்னு விதியாம். கெலெமெனே கப்பல் ஏறலயாம்."

பிறகு ஆலெகி ஐயா பழைய கதையை எடுத்தார். அவருடைய கொள்ளுப்பாட்டன் காலத்தில் பெருவிலிருந்து வந்த கப்பல்கள் ஊரில் பாதிப் பேரைப் பிடித்துக்கொண்டு போனபோது, மிச்சமிருந்தவர்கள் ஒரு வருடம் அவர்களுக்கும் பங்கு வைத்தார்கள் என்றார். இது கொள்ளுப்பாட்டன் சொன்னதா, ஐயா இப்போதுதான் சொல்கிறாரா என்று ஓரத்திலிருந்து ஒருவர் கேட்டார். ஐயா கோபிக்கவில்லை. "நடக்கலன்னா நடந்திருக்கணும்" என்றார்.

அவர்கள் யாரும் கையைத் தூக்கவில்லை, எண்ணவில்லை. நான் படித்த புத்தகங்களில் கூட்டம் முடிகிற விதமே வேறு. இங்கே பேச்சு சுற்றிச் சுற்றி வந்து, யாருக்கும் எதிர்ப்பில்லாமல் போன இடத்தில் தானாக உட்கார்ந்துகொண்டது. பங்கு தொடரட்டும், எப்போது அடிப்பது என்று சூலியாவே சொல்லட்டும் என்பது முடிவு. பின்வரிசையில் பெண்களோடு அத்தை இருந்தார். அவரைக் கேட்டார்கள்.

அவர் சொன்னதை உங்களுக்கு எழுத முடியாது. அவர் சொல்லி முடித்ததும் இருபத்தாறு பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள். கூரையில் ஒன்றும் இல்லை.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். ஒரு வரியாவது எழுதுங்கள்.

அகாதா

போரிருவா
1992 ஜனவரி 25

அன்புள்ள நாத்தனார் அகாதாவுக்கு,

லோசா எழுதுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, பொறுத்துக்கொள். வயிறு பெரிதாகிவிட்டது, உட்கார்ந்தால் எழ முடிவதில்லை. மற்றபடி சுகம்.

உன் அண்ணனுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார், உன் பெயரை எழுதுவார், எழுந்து போய்விடுவார். ஏன் என்று கேட்டால், "தங்கச்சிக்கிட்ட பேசக் கூடாத பேச்சு. எப்படி எழுதுவேன்?" என்கிறார். நான் அவர் தங்கை இல்லையே, நான் எழுதலாம் அல்லவா? அதனால் எழுதுகிறேன். அவருக்குத் தெரியும். பக்கத்து அறையில்தான் இருமிக்கொண்டிருக்கிறார்.

கெலெமெனே எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அதில் கேட்டிருந்தது ஸ்பார்க் பிளக் மட்டும் இல்லை. நீயே பார். இது உன்னிடம்தான் இருக்க வேண்டும்.

'பெலெனாதோ, ரெண்டு விஷயம். ஒண்ணு, மோட்டாருக்கு பிளக் வேணும், ரெண்டு. இன்னொண்ணு, உங்க வீட்டுல ஆம்பளைக்கு ஒரு எடம் காலியா இருக்கு. நீ போனதுலேர்ந்து கூரை ஒழுகுது, உங்கம்மா சட்டி வச்சுப் பிடிக்கிறாங்க. வழக்கப்படி பாயச் சுருட்டிக்கிட்டு நான் வந்துடலாம்னு இருக்கேன். அவ படிச்சவ, நான் மரம் ஏறுறவன், தெரியும். அவகிட்ட இன்னும் ஒரு வார்த்தை பேசல. சீட்டுல எழுதித்தான் பேசுவா போல, எனக்கு வாசிக்க நேரமாகும், பரவால்ல. உன்கிட்ட கேட்டுட்டுத்தான் அவகிட்ட கேப்பேன். பிளக்க மறந்துடாத.'

உன் அண்ணன் இதைப் படித்துவிட்டு மூன்று வாரம் ஒன்றும் செய்யவில்லை. பட்டதாரிக்கு மரம் ஏறுகிறவனா என்று ஒரு நாள் சொன்னார். மறுநாள், அவனைவிட நல்லவன் யார் என்றார். இப்படியே ஜூலைக் கப்பல் போய்விட்டது. ஆகஸ்டில்தான் பொட்டலம் கட்டினார். பிளக்கோடு ஒரு சீட்டும் வைத்தார். அத்தை அதைப் பிரிக்கவில்லை என்று நீ எழுதியிருந்தாயே, பிரிக்கச் சொல்.

ஜூலைக் கப்பலிலேயே பிளக்கை அனுப்பியிருந்தால் மோட்டார் நின்றிருக்காது என்று நினைத்து நினைத்து இளைத்துவிட்டார். எண்பது கதவில் இருபது கதவு கோணலாகப் போகிறதாம்.

கோபம் என்றால் என்மேல் காட்டு.

லோசா

டோக்கெலாவ்
1992 பிப்ரவரி 22

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். கோபம் இல்லை. கடிதம் என்னிடம் இருக்கிறது.

முதலில் மோட்டார். இதை அவர் இருமும்போது சத்தமாகப் படியுங்கள். ஊர்ச் சாமான் கிடங்கின் பதிவும் என் பொறுப்பில்தான் இருக்கிறது, ஆனால் எனக்கே தோன்றாமல் போய்விட்டது. நீங்கள் எழுதிய பிறகு எடுத்துப் பார்த்தேன். ஆகஸ்ட் 16, ஸ்பார்க் பிளக் இரண்டு, கெலெமெனே. பக்கத்தில் அவன் கையெழுத்து, மரம் ஏறுகிற மாதிரி மேல்நோக்கிப் போகிற எழுத்து. கடலுக்குப் போவதற்கு முந்தைய நாள் சபையின் பிளக்கை வாங்கி மாட்டியிருக்கிறான். லூக்கா மாமாவிடமும் கேட்டேன். "மோட்டார் புதுசு கணக்கா ஓடுச்சு. அதான் அவ்ளோ தூரம் போனான்" என்றார். எதனால் என்று யாருக்கும் தெரியாது, அண்ணி. பிளக்கால் இல்லை.

சபையில் சூலியா அத்தை சொன்னதை அண்ணனுக்கு எழுத முடியவில்லை. உங்களுக்கு எழுதலாம். "எப்படியும் என் வீட்டவிட்டுப் போக இருந்தவன்தான். போக இருந்த வீட்டுல கேளுங்க" என்றார். அதற்குத்தான் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். நான் பெட்டிக்கடியில் பேனா விழுந்த மாதிரி குனிந்துகொண்டேன். வெகுநேரம் தேடினேன்.

நான் யாரிடமும் எதுவும் சொன்னதில்லை. ஊருக்கு எப்படித் தெரிந்தது என்று அம்மாவைக் கேட்டேன். "காலையில பதநீர வாங்கி வைக்க, சபைக்குப் போற சட்டையப் போட்டுக்கிட்டு நின்னியே" என்றார்.

அத்தை பொட்டலத்தைப் பிரிக்க ஒத்துக்கொண்டார். நான் பிரித்தேன். பிளக்குகள் எண்ணெய்த் தாளில் சுற்றியபடி புதிதாக இருந்தன. அவற்றைக் கிடங்கில் திருப்பிக் கொடுத்து, அவன் கணக்கை நேர் செய்தேன். சீட்டில் அண்ணன் ஒரு வரிதான் எழுதியிருந்தார். 'முதல்ல கூரையச் சரி பண்ணு, அப்புறம் பாயக் கொண்டு வா.'

அத்தைக்கு அதைப் படித்துக் காட்டினேன். அன்றைக்குத்தான் அத்தை அழுதார்.

நீங்கள் சுகமாகப் பெற்றெடுக்க வேண்டும். அம்மா தொட்டில் துணி அனுப்பியிருக்கிறார்.

அகாதா

போரிருவா
1992 மார்ச் 28

அன்புத் தங்கை அகாதாவுக்கு,

உனக்கு ஒரு மருமகன் பிறந்திருக்கிறான். தாயும் பிள்ளையும் நலம். மூன்றரைக் கிலோ. ஒரு நல்ல சூரை கனம் இருக்கிறான். அம்மாவிடம் சொல், தொட்டில் துணி அளவு சரி.

இங்கே நம் ஆட்கள் நேற்றுத் துறைமுகத்தில் பெட்டி மீன் வாங்கிவந்து கோயில் வாசலில் பங்கு வைத்தார்கள். குளிர்பெட்டி மீன், கல் மாதிரி. என் வீட்டைக் கூப்பிட்டபோது "மூணு" என்றார்கள். பிறந்து ஒன்பது நாள்தான் ஆகிறது, அவனுக்கும் ஒன்று. அந்தப் பேராசிரியரைக் கூட்டிவந்திருக்கலாம்.

பட்டியலைப் பற்றி ஒன்று. நம் வீட்டு வரிசையில் ஒரு பெயர் எழுத வேண்டுமென்றால் வீட்டு ஆண்பிள்ளையைக் கேட்பது முறை. நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். என் பெயரை அடித்த இடம் அங்கே காலியாகத்தான் இருக்கிறது. அந்த இடத்தில் யார் பெயரை நீ எழுதினாலும் எனக்குச் சம்மதம். ஆகஸ்டிலேயே சம்மதம்தான். ஜூலையில் சொல்லியிருக்க வேண்டும்.

இதற்கு மேல் எழுதினால் நான் எழுந்து வெளியே போக வேண்டியிருக்கும்.

கதவுகள் இப்போது நேராகப் போகின்றன.

பெலெனாதோ

டோக்கெலாவ்
1992 மே 9

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் மருமகனுக்கும்,

நாங்கள் எல்லோரும் சுகம். உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்த கப்பலிலேயே மூன்று பேர் ஊர் திரும்பினார்கள், இரண்டு பேர் ஏறிப் போனார்கள். அதனால் பட்டியலைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. எழுதினேன்.

போன சனிக்கிழமை சூரை வந்தது. மழை பெய்து ஓய்ந்த கரை. வழக்கமாக நம் வீட்டுக்கு அம்மாதான் கூடையோடு போவார். அன்றைக்கு அம்மா முழங்கால் வலி என்று எழுந்திருக்கவில்லை. கப்பல் கடலில்தான் நின்றுகொண்டிருந்தது. அந்த நாளில் அவருக்கு வலிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

லூக்கா மாமா பட்டியலைப் பிரித்தார். ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். "சூலியா வீடு" என்றார். தாளைக் கொஞ்சம் கிட்டத்தில் கொண்டுபோனார். "ஒண்ணு."

கூட்டத்தில் ஒரு அசைவு. அத்தை எழுந்து போய் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நிமிர்ந்துதான் உட்கார்ந்தார். அடுத்தடுத்த வீடுகள். நம் வீடு எப்போதும் கடைசிக்கு முந்தையது. அது வருவதற்குள் கூடையைப் பலமுறை கை மாற்றிப் பிடித்துவிட்டேன். மாமா தொண்டையைச் செருமவில்லை, நிறுத்தவில்லை. உட்கடலின் அக்கரைக்குக் கேட்கிற அதே குரல்.

"அகாதா வீடு. மூணு."

அம்மாவின் பெயரைச் சொல்லித்தான் இதுவரை கூப்பிடுவார். நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். மாமா தானாக மாற்றிக்கொண்டார்.

ஊர் முழுவதும் இருந்தது. ஆலெகி ஐயா, பாதிரியார், வாத்தியார், ஃபோவாவும் அவன் மனைவியும். நான் எழுந்து போனேன். சபையில் ஒரு வார்த்தை பேசாதவள் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர் பார்க்க நடந்து போய், மூன்று பேர் பங்கைக் கூடையில் வாங்கினேன். யாரும் கூரையைப் பார்க்கவில்லை. கரையில் கூரை ஏது. என்னைத்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, அடுத்த வீட்டுக்குக் காது கொடுத்தார்கள். கல்யாணமான நாளில் ஃபோவாவை எப்படிப் பார்த்தார்களோ அப்படியேதான்.

சாயங்காலம் அத்தை தன் பங்கையும் காயப்போட்ட கருவாட்டையும் எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டோம். மீன் மிஞ்சியது, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம்.

திங்கட்கிழமை காலையில் பட்டியலை எடுத்து அந்தப் பெயரை அடித்தேன். ஸ்கேல் வைக்கவில்லை, இருந்தாலும் கோடு நேராக வந்தது. எந்தக் கப்பல் என்று எழுத வேண்டிய இடம் இருந்தது. வெகுநேரம் யோசித்துவிட்டு, 'தன் படகில்' என்று எழுதினேன். தேதியும் போட்டேன். லூக்கா மாமாவிடம் காட்டினேன். விதிப்படி சரிதான் என்றார்.

அலுவலகத்தின் படிவத்தையும் நிரப்பி இந்தக் கப்பலில் அனுப்புகிறேன். மூன்று கட்டங்களை நிரப்பியிருக்கிறேன். மணமானவரா என்கிற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. அங்கிருந்து கேட்டு எழுதுவார்கள். ஊர்ச்சபையைக் கேளுங்கள் என்று பதில் போடுவேன்.

கூரை இப்போது ஒழுகவில்லை, அண்ணா. போன வாரம் சபை ஆட்களை அனுப்பி ஓலை மாற்றிக் கொடுத்தது. யார் சொல்லி வந்தீர்கள் என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் கையைக் காட்டினார்கள்.

பட்டியலில் நம் வீடு இரண்டு, சூலியா அத்தை வீடு ஒன்று. மூன்றையும் ஒரே அடுப்பில்தான் வைக்கிறோம்.

உங்கள் தங்கை
அகாதா